சிதறு தேங்காய்ப் பரம்பல்

என் மருமகள் டில்ஷானியைப் பிடிக்காமல் இருக்க நான் எவ்வளவோ பாடுபட்டேன். முடியவில்லை. எனக்கு ஒரே பிள்ளை, பாலகணேஷ். அவன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "அம்மா, இவதான்" என்று என் முன்னால் நிறுத்தியபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. செட்டியார்தெருச் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், போய்ச் சேர்ந்துவிட்ட என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஒரு மூச்சு கத்தித் தீர்த்தேன். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "மாமி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். கேலி இல்லை. எனக்கு உண்மையாகவே தொண்டை வறண்டு போயிருந்தது. வாங்கிக் குடித்தேன். அன்றைக்கே தோற்றுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் பெயர் மீனாள். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், சாம்பிராணி, குத்துவிளக்கு, தேங்காய் எல்லாம் கிடைக்கும். பேரம் பேச வந்தால் மட்டும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். கடையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் எங்கள் ஃபிளட் வீடு. ரயில் போகிறபோது ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேதான் என் மருமகள் உலகம் எப்படி உண்டானது என்று ஆராய்ச்சி செய்தாள்.

அவள் படித்தது பௌதிகம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் நிலத்துக்கு அடியில் பெரிய வளையம் ஒன்று இருக்கிறதாம். அதற்குள் புரோத்தன் என்கிற அணுத்துகள்களை எதிரும் புதிருமாக ஓடவிட்டு மோத வைக்கிறார்களாம். அந்த மோதல்களின் பதிவுகளில் ஒரு பகுதியை யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். டில்ஷானி அதைக் கம்பஸில் வைத்தும் பிரித்து மேய்வாள், என் சாப்பாட்டு மேசையில் வைத்தும் பிரித்து மேய்வாள். ஒரு மோதலில் எத்தனை துகள்கள் தெறிக்கின்றன என்று எண்ணுவதுதான் அவள் வேலை. இதற்கா இத்தனை படிப்பு என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மோதினால் உடையும், உடைந்ததை எண்ணி யாருக்கு என்ன லாபம்?

ஒருநாள் பின்னேரம் கடையில் எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தபோது அதை வாய்விட்டே கேட்டேன். அவள் தேங்காய்க் குவியலைக் காட்டினாள்.

"மாமி, நேர்த்திக்குச் சிதறு தேங்காய் அடிக்கிறாங்கதானே. ஒரு தேங்காய் எத்தனை துண்டாப் போகும்?"

"அதை எப்படிச் சொல்றது? சிலது ரெண்டாப் பிளக்கும், சிலது தூளாப் போகும். அடிக்கிற கையையும் பொறுத்தது, தேங்காயையும் பொறுத்தது."

"அதுதான். ஒரு தேங்காயைப் பற்றி ஒண்டும் சொல்லேலாது. ஆனா ஆயிரம் தேங்காயை உடைச்சு எண்ணினா?" என்று சொல்லிக்கொண்டே கடைக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். இடப்பக்கம் தரையில் தொடங்கிச் சடாரென்று ஏறி, உச்சியில் வளைந்து, வலப்பக்கமாக நீண்டு மெல்ல இறங்கிய ஒரு மலை. "அஞ்சாறு துண்டு நிறையத் தரம் வரும். முப்பது துண்டு எப்பவாவது வரும். இதுக்குப் பேர் நிகழ்தகவுப் பரம்பல். தனித்தனியா எல்லாம் தலைகால் தெரியாமச் சிதறும். சேர்ந்து நிண்டா எப்பவும் இந்த மலைதான் வரும், மாமி. ஒவ்வொரு தரமும் பார்க்க எனக்கு மயிர் கூச்செறியும்."

"கண்ணாடியில கையை வைக்காதே" என்றேன். ஆனால் துணியை எடுத்துத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மலை இரண்டு மூன்று நாள் அங்கேயே இருந்தது.

பிறகு எந்திரப்பி என்று ஒன்றைச் சொன்னாள். மருந்துக் கடையில் போய்க் கேட்டால் ஒரு போத்தல் தருவார்கள் போலிருக்கிறதே என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னாள். "எல்லாத் தேங்காயும் சொல்லி வச்ச மாதிரி ரெண்டாவே பிளந்தா, அடுத்ததுக்கு என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். எந்திரப்பி பூச்சியம். மலை அகலிக்க அகலிக்க, அடுத்தது என்ன எண்டு தெரியாதது கூடிக்கொண்டு போகும். அந்தத் தெரியாததை அளக்கிற அளவுதான் எந்திரப்பி."

இருப்பதை அளக்கிறவர்களை நான் காலையிலிருந்து இரவு வரை கடையில் பார்க்கிறேன். தெரியாததை அளக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மருமகள் என்று நினைக்கப் பெருமையாகவே இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, பக்கத்துப் புடைவைக் கடை நளீபாவிடம் சொன்னேன். நளீபா வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மோதலின் வேகத்தைக் கூட்டக் கூட்ட எந்திரப்பியும் மெல்ல மெல்ல ஏறும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானாம். டில்ஷானி வரைந்த எந்திரப்பிக் கோடு மட்டும் கடைசியில், மிகக் கடுமையான மோதல்கள் இருக்கிற இடத்தில், மாடிப்படி ஏறுவது போல் சட்டென்று ஒரு படி ஏறியிருந்தது. அப்படி ஒரு படி உண்மையென்றால், அந்த மோதலுக்குள் அதுவரை நடக்காத ஏதோ ஒன்று நடக்கத் தொடங்குகிறது என்று அர்த்தமாம். ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சிக் குழு இதைக் கேள்விப்பட்டது. அவர்களிடம் மூன்று வருஷ வேலை ஒன்று காலியாக இருந்தது. ஆடிவேல் திருவிழாவுக்கு அடுத்த வியாழக்கிழமை ஒன்லைனில் வந்து அந்தப் படியைப் பற்றிப் பேசு, எங்களுக்குத் திருப்தியாக இருந்தால் வேலை உனக்கு என்றார்கள். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த வேலை ஒன்றுக்குத்தான். பாலகணேஷுக்குக் கம்பியூட்டர் வேலை, எங்கிருந்தும் செய்யலாம். அவளுக்குக் கிடைத்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

அந்த ஃபிளட்டில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்து ஜன்னல் நடுங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. நான் ஒளித்து மறைத்துப் பேசுகிறவள் இல்லை. இரவுச் சாப்பாட்டில் வைத்து நேரேயே சொல்லிவிட்டேன்.

"உனக்கு அந்த வேலை கிடைக்காம, நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்தா, பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் அடிக்கிறதா நேர்ந்திருக்கேன். பிறகு சொல்லலைன்னு சொல்லாதே."

டில்ஷானி கறிச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எங்கட அம்மா எனக்குக் கிடைக்கவேணும் எண்டு ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறா. அவங்க ரெண்டு பேரும் மேல கதைச்சு ஒரு முடிவுக்கு வரட்டும், மாமி. நீங்க சாப்பிடுங்க."

இப்படிப்பட்டவளிடம் எப்படிச் சண்டை பிடிப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆடிவேல் சனிக்கிழமை வந்தது. நாங்கள் மூன்று பேரும் பம்பலப்பிட்டியில் போய் நின்றோம். காலி வீதியில் கூட்டம் நெரிந்தது. தேர் வருகிற வழியில் கடைக்காரர்கள் தேங்காயைக் குவித்து வைத்து, ஆளுக்கொரு கல்லைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். டில்ஷானி விரதக்காரி மாதிரிப் பயபக்தியோடு முன்வரிசையில் நின்று துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது என்பாள், நாலு என்பாள், தவறி ஒரு தேங்காய் பதினெட்டாகப் போனால் பிள்ளை பெற்ற மாதிரிச் சந்தோஷப்படுவாள்.

பக்கத்துப் பக்கத்துக் கற்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்தார்கள். அதை அவள் எண்ணவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது ரெண்டு மோதல், மாமி. சேர்த்து எண்ணினா மலை கெட்டுப்போகும். அங்கயும் இதே கரைச்சல்தான். புரோத்தன் ஒண்டொண்டா வாறதில்ல, கும்பலாத்தான் வரும். ஒரே நேரத்தில ரெண்டு மோதல் நடக்கும். ஆனா துகள் எல்லாம் எந்தப் புள்ளியில இருந்து பறந்தது எண்டு பின்னுக்குப் போய்ப் பார்க்கலாம். ரெண்டு புள்ளி தெரிஞ்சா அதை எடுத்து வீசிடுவம்."

சரி என்று நான் தேர் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் பெரிய கருங்கல் ஒன்று கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கவனிக்கவில்லை. இருவரும் ஓங்கி அடித்தார்கள். இரண்டு தேங்காயும் ஒரே கல்லில் ஒரே நேரத்தில் விழுந்தன. கேட்டது ஒரே சத்தம். தேங்காய்த் தண்ணீர் என் சேலையில் தெறித்தது.

"இருபத்தாறு" என்றாள் டில்ஷானி. அப்புறம் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி?"

"மாமி, அது ரெண்டு தேங்காய்."

"ஓம், ரெண்டுதான். என் சேலையைப் பாரு."

"நான் ஒண்டா எண்ணிட்டன்."

தேர் வந்தது. வேலாயுதத்தைக் கண்டதும் சனமெல்லாம் அரோகரா என்று கையைத் தூக்கியது. அவளும் கை கூப்பினாள். ஆனால் கண் அந்தக் கல்லிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லெப்டொப்பைத் திறந்தவள்தான். ஞாயிறு முழுக்க மேசையை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தபோது, என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்கே விளங்கியது. இரண்டு மோதல்கள் எவ்வளவு கிட்ட நடந்தால் அவற்றை ஒன்று என்று எடுத்துக்கொள்வது என்று ஒரு எல்லையை வைத்திருக்கிறாள். அந்த எல்லையை வைத்தது அவளேதான். மிகக் கடுமையான மோதல்கள் நடத்திய காலத்தில் புரோத்தன் கும்பலையும் நெருக்கமாக அனுப்பியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரே கல்லில் விழுந்த இரட்டைகள் அங்கேதான் கூட இருக்கும். இரட்டையை ஒன்று என்று எண்ணினால் துண்டு கூடும், மலை வலப்பக்கம் அகலிக்கும், எந்திரப்பி ஏறும். அந்தப் படி உண்மையான படிதானா, இல்லை இந்த இரட்டைகள் காட்டிய மாயமா?

"எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"அதே வேகத்தில, கும்பல் ஐதா வந்த நாளும் இருக்கு, நெருக்கி வந்த நாளும் இருக்கு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறன். படி இயற்கையின்ரதா இருந்தா ரெண்டிலயும் இருக்கவேணும்."

திங்கட்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். நெருக்கமான நாட்களின் கோட்டில் படி இருந்தது. ஐதான நாட்களின் கோடு ஒரு நெளிவும் இல்லாமல் சும்மா வழுக்கிக்கொண்டு மேலே போனது.

"பாருங்க மாமி. அந்தப் படி என்ர. இயற்கையின்ர இல்ல."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பிள்ளையாரே, கேட்டுவிட்டாயே என்று உள்ளுக்குள் ஒரு துள்ளுத் துள்ளியது. அவள் எழுந்து குசினிக்குப் போய் அரிசி கழுவினாள். கழுவிய அரிசியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து ஓடியது, அவள் பைப்பை மூடவில்லை. என் சந்தோஷம் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது. நானே போய்ப் பைப்பை மூடினேன்.

செவ்வாய் காலையில் பாலகணேஷ் வாயைத் திறந்தான். கெட்டவன் இல்லை, அவளுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னான்.

"வியாழக்கிழமை இதைச் சொல்லாத. முதல்ல வேலை கிடைக்கட்டும். அங்க போய்க் கொஞ்ச நாளால, சரி பார்த்தனான், பிழை ஒண்டு கண்டனான் எண்டு சொல்லு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும், பாலா."

"அவங்க படிக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டவங்க. படி இல்லை எண்டா என்னத்துக்கு எடுக்கப் போறாங்க?"

"எடுக்காட்டிப் போகட்டும்." அவள் குரல் லேசாக நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. "எந்திரப்பிக் கணக்குக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. தெரிஞ்சதை மட்டும் வச்சுக்கொள்ளவேணும். மிச்சத்தில எங்கட ஆசைக்கு ஒரு பக்கமும் சாயாம, தெரியாது எண்டு விட்டுடவேணும். இத்தனை வருஷமா அதைத்தான் செய்றன். எனக்கு வேலை கிடைக்கவேணும் எண்ட உடன சாயச் சொல்றியா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் தேவாரம் கேட்கிறபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. பாலகணேஷ் மறுபடி வாயெடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"பேசாம இருடா. அவ சொல்றதுதான் சரி. வாய்க்குள்ள இட்டலியைப் போடு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கு நல்லதுதானே அம்மா. அவ இதைச் சொன்னா வேலை கிடைக்காது. நீங்க நேர்ந்ததும் அதுக்குத்தானே."

சுருக்கென்று தைத்தது. அவள் நேர்மையைப் பார்த்து நான் சிலிர்த்தது உண்மை. ஆனால் அந்த நேர்மையில் எனக்கும் ஒரு பங்கு லாபம் இருந்ததும் உண்மை. நானும் என் ஆசைப் பக்கம் சாய்ந்துகொண்டு நின்றுதான் அவளை மெச்சியிருக்கிறேன். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போனேன்.

கடவுளிடமும் நான் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. "நேர்ந்ததைத் திருப்பி எடுத்துக்கிறேன்" என்றேன். "அவ உண்மையைச் சொல்லணும். சொல்லியும் அந்த வேலை அவளுக்குக் கிடைக்கணும். கிடைச்சா அதே நூற்றெட்டுத் தேங்காய் உனக்குத்தான். என்னைப் பத்திக் கவலைப்படாதே, நான் பாத்துக்கிறேன்." ஐயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல.

அன்றைக்குச் செவ்வாய். அந்தோனியாருக்கு உகந்த நாள் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு கையைப் பிள்ளையாரிடம் நீட்டிவிட்டு மறு கையைச் சும்மா வைத்திருப்பானேன் என்று பஸ் ஏறி, மாறி, கொச்சிக்கடைக்குப் போனேன். கோயில் வாசலில் டில்ஷானியின் அம்மா றோஸி கையில் மெழுகுதிரிக் கட்டோடு நின்றுகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் திகைத்துப் போனா.

"சம்மந்தி, நீங்க எங்க இங்க?"

"மெழுகுதிரி கொளுத்த வந்தேன்."

"நீங்க அவள் போகக்கூடாது எண்டுதானே நேர்ந்தீங்க?"

"அதெல்லாம் காலையில மாத்தியாச்சு. எனக்கும் சேர்த்து நீங்களே சொல்லுங்க. உங்க சாமிக்கிட்ட எனக்குப் பேசிப் பழக்கமில்லை."

படி விழுந்த கதையையும், அதைச் சொல்லத்தான் போகிறாள் என்பதையும் சொன்னேன். றோஸி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தா. "அவள் சின்னதில இருந்தே அப்படித்தான், சம்மந்தி. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா, தம்பி செய்த பிழையையும் சேர்த்துச் சொல்லிப்போட்டு வருவாள். ஃபாதர் எனக்கிட்ட வந்து முறைப்பாடு." இரண்டு பேரும் ஒரே மெழுகுதிரியிலிருந்து மற்றவற்றைக் கொளுத்தி வைத்தோம். வெப்பம் முகத்தில் அடித்தது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பேச்சு. றோஸியும் வந்துவிட்டா. பாலகணேஷ் வயர்களைச் சரிபார்த்துவிட்டு, அவள் தோளைத் தொட்டு, "நீ நினைச்சதைச் சொல்லு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனை மன்னித்தேன். நாங்கள் இரண்டு அம்மாக்களும் குசினிக்குள் கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். அவள் நீலச் சேலை உடுத்தியிருந்தாள். மேசைக்குக் கீழே வெறுங்கால், பெருவிரல் மட்டும் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

எனக்குக் கடை இங்கிலீஷ்தான். ஆனாலும் அவள் நிதானமாகப் பேசியது விளங்கியது. முதலில் படியைக் காட்டினாள். நான் உங்களுக்குச் சொன்னது இதுதான் என்றாள். அடுத்த படத்தில் கோடு சும்மா வழுக்கிக்கொண்டு போனது. உண்மையில் இருப்பது இதுதான், படி என்னுடைய பிழை என்றாள். திரையில் கட்டம் கட்டமாக இருந்த முகங்கள் ஒன்றும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. ஜன்னல் எல்லாம் தடதடவென்று ஆடியது. அவள் பதறவில்லை, புன்னகையோடு ரயில் போகும்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு பெண், இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டா. டில்ஷானி ஆடிவேலைச் சொன்னாள். கருங்கல்லையும், இரண்டு ஆட்களையும், ஒரே சத்தத்தையும், இருபத்தாறு என்று தான் எண்ணியதையும் சொன்னாள். மாமியின் சேலை நனைந்ததைக்கூட விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் விறைப்பாகக் கேட்டார்.

"படி போய்விட்டது. அப்படியானால் உன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?"

றோஸி என் கையைப் பிடித்தா. நகம் பதிந்தது.

"ஒரு சாதாரணக் கோடு" என்றாள் டில்ஷானி. "ஆனால் இனி அதை நீங்கள் நம்பலாம்."

முடிந்ததும் லெப்டொப்பை மூடிவிட்டு எங்களைப் பார்த்தாள். எனக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. "கால் விரலைச் சுரண்டாதே, நகம் உடையும்" என்றேன்.

அதற்குப் பிறகு பதில் வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைப் பார்ப்பேன், அவள் தலையை ஆட்டுவாள். இல்லை என்று வந்துவிடுமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வேடிக்கையைப் பாருங்கள், போன மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்ததே அந்த இல்லையைத்தான்.

ஒருநாள் கடையில் சனம். ஒரு அம்மா குத்துவிளக்கின் திரி வைக்கிற இடம் வளைந்திருக்கிறது என்று என்னோடு மல்லுக்கு நின்றா. அவவுக்குப் பின்னால் டில்ஷானி வந்து, வாங்க வந்த ஆள் மாதிரி வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கண்ணாடிமேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"மாமி, நூற்றெட்டுத் தேங்காய் இருக்கா?"

"யாருடி உனக்குச் சொன்னது?"

"அம்மா சொன்னவ. நீங்க காலையில மாத்தி நேர்ந்தீங்களாமே." கைப்பேசியைத் திறந்து வாசித்தாள். படிக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம், அதை நீங்களே தள்ளிவிழுத்திய விதத்துக்காக வேலையைத் தருகிறோம் என்று அந்த நரைத் தலைப் பெண் எழுதியிருந்தா. வாசித்து முடிக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்தது பாதி, இனி தனியாக இருக்கப் போகிறேனே என்று வந்தது பாதி. எது எவ்வளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குத்துவிளக்கு அம்மாவுக்கு விலையைக் குறைத்துக் கொடுத்து அனுப்பினேன். கடை தொடங்கிய நாளிலிருந்து நான் செய்யாத காரியம் அது. தேங்காய் போடுகிற ஆளுக்குப் போன் எடுத்தேன். "மல்லி, பொல் எகசிய அடக் ஓனே" என்று சிங்களத்தில் தேங்காய் கேட்டேன். நூற்றெட்டா என்று அவன் இரண்டு தரம் கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காயைக் குவித்தோம். றோஸியும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தா. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடிக்கத் தொடங்கினேன். டில்ஷானி வழக்கம் போல் முன்னால் நின்று எண்ணினாள். ஏழு என்றாள், பன்னிரண்டு என்றாள், ஐந்து என்றாள். குவியல் பாதியாகும்போது எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பாலகணேஷ் கொஞ்சம் அடித்தான். கடைசியில் றோஸி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தா.

"சம்மந்தி, நானும் அடிக்கலாமா?"

"தாராளமா அடிங்க. பிள்ளையார் கோவிக்க மாட்டார். நான் உங்க ஆளுக்கு மெழுகுதிரி வச்சவதானே."

இரண்டே தேங்காய் மிச்சம் இருந்தன. ஆளுக்கொன்று எடுத்தோம். றோஸி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தா. நான் என் பிள்ளைகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள் என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேரும் ஓங்கினோம். யார் முதலில் என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. இரண்டும் ஒரே கல்லில் விழுந்தன. ஒரே சத்தம். துண்டுகள் கோயில் வாசல் முழுக்கப் பறந்தன.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி, "எத்தனைடி?" என்று கேட்டேன்.

டில்ஷானி எண்ணவில்லை. சால்வைத் தலைப்பால் கண்ணை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"தெரியாது மாமி" என்றாள். "ரெண்டும் கலந்துபோச்சு."